டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



இந்த ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மாணவர் பேரவையில் கேட்டார்கள். ராமன், எடிசன், ஐன்ஸ்டீன், அப்துல் கலாம் என்று நல்ல பெயர்களையெல்லாம் மற்ற துறை நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும் ஒரு பெயர் ஞாபகம் வந்தது. டீசல் இருக்கா, டீசல் பத்துமா, டீசல் விலை ஏறிடுச்சா என்று விடிந்தால் அதுதான் பேச்சு. ஆனால் டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று டிப்ளமா சேரும் வரை எனக்குத் தெரியாது. எங்க வீட்டில் யாருக்குமே தெரியாது.

என் அப்பா வாடகை ஜெனரேட்டர் ஆபரேட்டர். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பந்தலுக்குப் பின்னாடி ஜெனரேட்டர் நிற்கும். அதன் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அப்பா நிற்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நான் ஆறாம் வகுப்பு. தென்னை மரமும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அப்பா அந்த ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார். குடத்தோடு வரிசையில் நின்ற ஜனங்கள் அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எலெக்ட்ரிக்கல் படிக்கணும் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது அன்றைக்குத்தான்.

பத்தாவது முடித்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி உறவுக்காரர்கள் வந்தார்கள். மாதச் சம்பளம் வரும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் கிடையாது. அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் விண்ணப்பம் வாங்கி வந்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ருடால்ப் டீசலின் கதையைப் படித்தபோது எனக்கு இது எல்லாமே திரும்ப நினைவுக்கு வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை

டீசலைத் தேடிப் படிக்க வைத்தது ஒரு சம்பவம். இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். பெயர் வேண்டாம். அங்கே மைனஸ் 80 டிகிரியில் இயங்கும் டீப் ஃப்ரீசர்கள் இருந்தன. ஆராய்ச்சி செய்யும் ஒரு அக்கா மூன்று வருடமாகச் சேர்த்த மாதிரிகள் அதில் ஒன்றில் இருந்தன. கட்டிடத்துக்கு வெளியே பளபளவென்று ஒரு ஜெனரேட்டர். கரண்டு போனால் தானே ஸ்டார்ட் ஆகும் வகை.

ஒரு சனிக்கிழமை இரவு டிரான்ஸ்பார்மர் பழுதாகி கரண்டு போச்சு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரும் வரவில்லை. ஃப்ரீசரின் அலாரம் ஆளில்லாத அறையில் கத்திக் கத்தி, அதன் பேட்டரியும் ஓய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த அக்கா அழவில்லை. கையுறையைக் கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெனரேட்டரைத் திறந்து பார்த்தோம். இன்ஜினில் பழுதில்லை. டீசல் நிறைய இருந்தது. ஸ்டார்ட் செய்யும் பேட்டரியின் முனையில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்துப் போயிருந்தது. பேட்டரி செத்துப் போய் எவ்வளவு நாள் ஆச்சோ! வாங்கி வைத்ததோடு சரி, மாதக்கணக்கில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. லட்சக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய துணை, சில ஆயிரம் ரூபாய் பேட்டரியால் கைவிட்டுவிட்டது.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். அப்பா ஆச்சரியப்படவில்லை. அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலில் வாழை மரம் கட்டுவதற்கு முன்னாலேயே போய்விடுவார். தண்ணி, ஆயில், டீசல், பேட்டரி நான்கையும் பார்த்து, எல்லா விளக்கையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டுவார். லோடு இல்லாமல் ஓடுவதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மாட்டார். வெறும் வண்டி மேடேறுவதைப் பார்த்து மாட்டுக்கு விலை பேசக்கூடாது என்பது அவர் கட்சி.

அந்த நிலையத்துக்கே மாற்று மின்சாரத் திட்டம் தயாரிப்பதை எங்கள் நான்கு பேர் குழு இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டது. அதற்காகப் படிக்கும்போதுதான் இந்த மனிதரைச் சந்தித்தேன்.

தோல்பை சுமந்த சிறுவன்

ருடால்ப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தோல் சாமான்கள் செய்யும் தொழிலாளி. செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை. நேரம் கிடைத்தால் பழைய இயந்திரங்கள் வைத்திருக்கும் மியூசியத்துக்கு ஓடிவிடுவான்.

1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வயிற்றுப்பாட்டுக்கே கஷ்டம். 12 வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு ஆசிரியர். பையன் அங்கே தொழிற்பள்ளியில் சேர்ந்து வகுப்பில் முதலாவதாக வந்தான். இன்ஜினியர் ஆக வேண்டும் என்று 14 வயதிலேயே பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான்.

பெற்றோருக்கு அதில் விருப்பமில்லை. படித்தது போதும், சம்பாதித்துக் குடும்பத்தைப் பார் என்பது அவர்கள் எண்ணம். (நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இது நடந்திருக்கும்!) 1875ல் மியூனிக் நகரத்துப் பாலிடெக்னிக்கில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. அவர் போய்ச் சேர்ந்தார். ஆம், அப்போது அந்தக் கல்லூரிக்குப் பாலிடெக்னிக் பள்ளி என்றுதான் பெயர். பிறகுதான் அது தொழில்நுட்ப உயர்கல்வி நிலையமாகப் பெயர் மாறியது. நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக் மாணவர் என்று தெரிந்ததும் எனக்கு அவர் அயலாராகத் தெரியவில்லை.

அங்கே கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் வெப்ப இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். நீராவி இன்ஜின், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் வேலையாக மாற்றுகிறது என்றார். மற்ற மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். டீசலால் போக முடியவில்லை. வெப்பநிலை மாறாமல் இயங்கும் முறையை (ஐசோதெர்ம்) நடைமுறையில் கொண்டுவர முடியாதா என்று ஆராய வேண்டும் எனத் தன் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். அந்த ஓரக் குறிப்புதான் பிற்பாடு அவர் வாழ்க்கையாக ஆனது.

இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து பரீட்சை எழுத முடியாமல் போனது. சுவிட்சர்லாந்தில் ஒரு இன்ஜின் தொழிற்சாலையில் கையில் எண்ணெய் பட வேலை பழகிவிட்டு, 1880ல் வந்து தேர்வெழுதி மிகச் சிறந்த மதிப்பெண்ணில் தேறினார்.

குளிர்ச்சியிலிருந்து நெருப்புக்கு

அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? ஐஸ் தொழிற்சாலை! பேராசிரியர் லிண்டே குளிர்பதன இயந்திரம் கண்டுபிடித்தவர். அவருடைய ஐஸ் தொழிற்சாலையைப் பாரிசில் நிறுவ டீசல் போனார். ஏறக்குறைய பத்து வருடம் குளிர்பதனத் துறையில்தான் இருந்தார். பொருள் கெடாமல் குளிரில் காப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் செய்த இன்ஜின்தான், இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நிலையங்களின் குளிர்பெட்டிகளுக்குக் காவல் நிற்கிறது. இதைப் படித்தபோது அந்தத் திங்கட்கிழமைத் தண்ணீர்தான் என் கண் முன் வந்தது.

பகலில் ஐஸ், இரவில் இன்ஜின் ஆராய்ச்சி. முதலில் நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜின் செய்யப் பல வருடம் முயன்றார். அது கைகூடவில்லை. பிறகு வழியை மாற்றினார். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அமுக்கினால் சூடாகும். மிக அதிகமாக அமுக்கினால், அதில் தெளிக்கும் எண்ணெய் தீக்குச்சியே இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், பாய்லர் வேண்டாம். இதுதான் அவர் யோசனை. 1892ல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார், 1893ல் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் சோதனைச் செலவுக்கு உதவ முன்வந்தன.

1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் இன்ஜினில் எரிபொருளைத் தெளித்துப் பார்த்தார்கள். உள்ளே அழுத்தம் எகிறி, அதை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பித்ததே பெரிது. இன்ஜின் ஓடவில்லை. ஆனால் எண்ணெய் தானே பற்றுகிறது என்பது தெரிந்துவிட்டது. இன்ஜினைப் பிரித்துத் திரும்பவும் செய்தார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று அது தன் சக்தியில் ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம்! நிமிடத்துக்கு 88 சுற்று. அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு அவர் விற்கக் கிளம்பவில்லை. இன்னும் மூன்று வருடம் சோதித்தார். எரிபொருளை எப்படித் தெளிப்பது, எந்த அழுத்தத்தில் நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். காகிதத்தில் போட்ட கணக்கு பல இடத்தில் இரும்பில் ஒத்துவரவில்லை. 250 அட்மாஸ்பியர் அழுத்தம் என்று ஆரம்பித்த கணக்கை வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து, சுமார் 20 குதிரைத்திறன் இன்ஜினை முறைப்படி லோடு போட்டுச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவிகிதம் வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நோட்டு ஓரத்தில் எழுதிய கேள்விக்குச் சுமார் இருபது வருடம் கழித்துப் பதில் கிடைத்தது.

அவசரத்தின் விலை

இதோடு கதை முடிந்திருந்தால் சுபம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். உண்மையான பாடம் இனிமேல்தான் இருக்கிறது.

சோதனை முடிவு வெளியானதும் உலகம் முழுக்க கம்பெனிகள் உரிமம் வாங்க ஓடி வந்தன. அமெரிக்க உரிமையை மட்டும் அடோல்பஸ் புஷ் என்ற பீர் ஆலை முதலாளி 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். டீசல் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். ஆனால் ஆய்வுக்கூடத்தில், தேர்ந்த இன்ஜினியர்கள் பக்கத்தில் நின்று ஓட்டிய இன்ஜின் வேறு. சாதாரணத் தொழிற்சாலையில், சாதாரணத் தொழிலாளி இரவு பகலாக ஓட்ட வேண்டிய இன்ஜின் வேறு. 1898ல் கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைத்திறன் இன்ஜின் விற்கப்பட்டது. அது ஆரம்பத்தில் ஓயாமல் தொல்லை கொடுத்தது. மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரிலேயே ஆரம்பித்த டீசல் இன்ஜின் தொழிற்சாலை நொடித்தது. பேட்டன்ட் செல்லாது என்று வழக்குகள் வேறு. அலைந்து அலைந்து 1898ல் அவர் உடல்நிலையும் மனநிலையும் குலைந்து சிகிச்சை எடுக்க வேண்டியதாயிற்று.

இன்ஜினைக் காப்பாற்றியது ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் இன்ஜினியர்கள்தான். அவர்கள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு குறையாக நீக்கினார்கள். நான் புரிந்துகொண்டது இதுதான்: டீசல் ஜெயித்த வருடங்கள் அவர் சோதித்த வருடங்கள். தோற்ற வருடங்கள் சோதிக்காததை நம்பி விற்ற வருடங்கள்.

அதற்கப்புறம் அந்த இன்ஜின் போகாத இடமில்லை. 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. 1903ல் ரஷ்யாவில் வாண்டால் என்ற எண்ணெய்க் கப்பலில் டீசல் இன்ஜின்கள் ஜெனரேட்டரைச் சுற்ற, அந்தக் கரண்டில் மோட்டார்கள் கப்பலை ஓட்டின. அப்பா ஓட்டுவது போன்ற இன்ஜினும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஜோடிக்கு அது ஒரு மூத்த தலைமுறை! 1910ல் தென்துருவம் நோக்கிக் கிளம்பிய அமுண்ட்செனின் பிராம் கப்பலில் டீசல் இன்ஜின் இருந்தது. 1912ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசலிலேயே பாங்காக் வரை போனது.

எங்கள் புராஜெக்ட்

டீசலிடம் கற்றதை வைத்து நாங்கள் திட்டம் போட்டோம். மற்ற துறை நண்பர்களுக்கும் புரியும்படி சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எது முக்கியம் என்று பிரிப்பது. எல்லாக் கருவியும் முக்கியம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் வேறு மாதிரி கேட்டோம். கரண்டு போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? கண் இமைக்கும் நேரம் கூடத் தாங்காதவை கம்ப்யூட்டர் சர்வரும், உள்ளே வெற்றிடம் காக்க வேண்டிய எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும். இவற்றுக்கு யு.பி.எஸ். அவசியம். டீப் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். அதற்கு யு.பி.எஸ். வேண்டாம், ஜெனரேட்டர் போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். ஆபீஸ் ஏ.சி.யும் கெய்சரும் காத்திருக்கலாம். நம் நாட்டு அணுமின் நிலையங்களில் கூட மின்சாரத்தை இப்படி நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு பேட்டரி, இரண்டாவது இன்வர்ட்டர், மூன்றாவது டீசல் ஜெனரேட்டர், நான்காவது சாதாரண லைன்.

இரண்டாவது, கணக்கு. நாலு ஃப்ரீசருக்கு 6 கிலோவாட், இன்குபேட்டர்களுக்கு 1, சர்வருக்கு 3, மைக்ராஸ்கோப்புக்கு 5, புகை வெளியேற்றும் விசிறிகளுக்கு 3, சர்வர் அறை ஏ.சி.க்கு 4, அவசர விளக்குகளுக்கு 1. ஆக மொத்தம் 23 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்தால் 28.75 கே.வி.ஏ. கால் பங்கு கூட்டினால் ஏறக்குறைய 36. அடுத்த சைஸ் 40 கே.வி.ஏ. இதோடு முடியவில்லை. மோட்டார் நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். எல்லா ஃப்ரீசரும் ஏ.சி.யும் ஒரே நொடியில் கிளம்பினால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதனால் டைமர் வைத்து ஒன்றன் பின் ஒன்றாக ஏற்றினோம். ரொம்பப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதும் தப்பு. எப்போதும் குறைந்த லோடில் ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெயுமாய்ப் படியும்.

மூன்றாவது, சேஞ்ச் ஓவர். லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி இன்டர்லாக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் ஜெனரேட்டர் கரண்டு பின்னோக்கிப் போய், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் உயிரை வாங்கிவிடும். கஜா சமயத்தில் அப்பா மெயின் ஃபீஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வார். அதன் காரணம் இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

நான்காவது, இடம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜெனரேட்டர்கள் உயரத்தில் இருந்தும், எரிபொருள் பம்புகள் அடித்தளத்தில் இருந்ததால் வெள்ளம் புகுந்து மாற்று மின்சாரம் நின்றுபோனது. நோயாளிகளை மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். ஆராய்ச்சிக்கு வளர்த்த ஆயிரக்கணக்கான எலிகள் அந்த வெள்ளத்தில் மடிந்தன. சங்கிலியின் ஒரு கண்ணி தண்ணீரில் இருந்தால் முழுச் சங்கிலியும் தண்ணீரில் இருப்பது போலத்தான்.

ஐந்தாவது, சோதனை. எங்கள் ரிப்போர்ட்டில் கணக்கை விட இதற்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்கினோம். வாரம் ஒருமுறை பேட்டரி, தண்ணீர், ஆயில், டீசல். மாதம் ஒருமுறை மெயினை நிஜமாகவே நிறுத்தி, லோடு போட்டு அரை மணி நேரம். யார் செய்தார் என்று கையெழுத்து. அலாரம் அறைக்குள் கத்தினால் போதாது. பொறுப்பானவர் போனுக்குத் தகவல் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையிலும். இந்த அட்டவணையில் பாதி, அப்பா வாயால் சொல்ல நான் எழுதிக்கொண்டது. வைவா அன்று இதை யார் சொல்லித் தந்தார் என்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார். அப்பா என்றேன். அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்று சொல்லும்போது எனக்குக் குரல் தாழவில்லை.

கடைசிப் பயணம்

டீசலின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகம் அவர் இன்ஜினை நம்ப ஆரம்பித்த நேரத்தில் அவர் கையில் பணம் இல்லை. நிலம் வாங்கி விற்றதிலும் எண்ணெய் வியாபாரத்திலும் வழக்குகளிலும் எல்லாம் கரைந்துபோனது. மியூனிக்கில் அரண்மனை போல வீடு இருந்தது, ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 1913 செப்டம்பர் 29 மாலை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து டிரெஸ்டன் என்ற கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். நண்பர்களோடு இரவு உணவு சாப்பிட்டார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் அவர் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடலைக் கண்ட டச்சுப் படகுக்காரர்கள், அதன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்த பொருட்கள் அப்பாவுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். அவருக்கு வயது 55. என்ன நடந்தது என்பதைப் பற்றி இன்றும் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உலகத்துக்கெல்லாம் துணை இன்ஜின் செய்து கொடுத்தவருக்கு, தன் பாரத்தை இறக்கி வைக்க ஒரு துணை இல்லாமல் போய்விட்டது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி, முதல் டிப்ளமா. வீட்டுக் கடன், தம்பி படிப்பு, தங்கை கல்யாணம் என்று எல்லா லோடும் நம்மைப் பார்த்தே நிற்கிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இழுக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாக ஏற்றலாம். அரியர் விழுந்தாலும், வீட்டில் கஷ்டம் என்றாலும், பக்கத்துக் கட்டில் நண்பரிடம் சொல்லுங்கள். அலாரம் ஆளில்லாத அறையில் கத்தக்கூடாது.

அந்த அக்கா மறுபடியும் முதலிலிருந்து மாதிரி சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். இந்தத் தடவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வேறு கட்டிடத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் அறைக் கதவில் எங்கள் அட்டவணை ஒட்டியிருக்கிறது. போன தடவை போய்ப் பார்த்தபோது இரண்டு வாரம் கையெழுத்து இல்லாமல் காலியாக இருந்தது. கேட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் போய்க் கேட்பேன்.

போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். டீசல் மறைந்த தேதியை ஒட்டித்தான் பூஜையும் வந்தது. அவருடைய கதை முழுவதையும் அப்பாவுக்குச் சொன்னேன். தோல்பை வண்டி தள்ளியது, அப்பா அம்மா படிக்க வேண்டாம் என்றது, கப்பல், எல்லாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜெனரேட்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கியதும் வழக்கம்போல ஸ்டார்ட் பண்ணப் போனவர் ஒரு நிமிடம் நின்று, அந்த மனுஷன் பேர் என்ன என்று திரும்பக் கேட்டார். சொன்னேன். ருடால்ப் என்பது அவர் வாயில் சரியாக வரவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, லோடு போட்டு அரை மணி நேரம் ஓட்டினார்.